பதினாறு பட்டன் பெட்டி

எடை மெஷின் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வைத்த பேர் சிக்கனம். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ரொம்ப நாள் அவள் காதில் விழாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருநாள் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையே பட்டாள். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

காய்கறிக் கடையில் நிறுத்துப் போடுவார்களே, மேலே தட்டும் முன்னால் சிவப்பு எண்களுமாக, அந்த மெஷினுக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கும். எடை எவ்வளவு என்று பார்த்து எண்ணாகக் காட்டுவது அதுதான். அது என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுப்பது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. சிப்பில் உள்ள இடம் எட்டே எட்டு கிலோபைட். உங்கள் போனில் ஒரு குழந்தை படம் வைத்திருப்பீர்கள், அந்தக் குழந்தையின் ஒரு காதுகூட அதில் அடங்காது. ஒருமுறை பெரிய சிப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எல்லாரும் கையை விரித்தபோது, மூன்று வாரம் உட்கார்ந்து இங்கே ஒரு வரி அங்கே ஒரு வரி என்று சுரண்டி, பழைய சிப்பிலேயே அடைத்துக் கொடுத்தாள். முதலாளி கூப்பிட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அது இன்னும் அவள் வீட்டு ஹாலில் தொங்குகிறது.

வீட்டிலும் அதே கைதான். பற்பசை டியூபைக் கத்தரியால் வெட்டி வழித்தெடுப்பாள். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதற்குள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கதவில் முட்டிக்கொள்வாள். பேச்சும் அளந்துதான். அவள் புருஷன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இவ 'காபி வேணுமா'ன்னு கேக்க மாட்டா. டம்ளரைத் தூக்கிக் காட்டுவா. அஞ்சாறு எழுத்து மிச்சம்" என்பார் வருகிறவர்களிடம்.

அவர் நேர் எதிர். செருப்புக்கடையில் விற்பனையாளர், ஒரே கடையில் இருபத்தாறு வருஷம். வாய் ஓயாது. கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "உக்காருங்க". அதற்குப் பிறகு "காலைக் காட்டுங்க". அதற்கும் பிறகுதான் "என்ன சைஸ்?". அந்த வரிசை மாறாது. நின்றுகொண்டு செருப்பு வாங்குகிறவன் காலுக்கு வாங்குவதில்லை, அவசரத்துக்கு வாங்குகிறான் என்பார். தேய்ந்த செருப்பைத் திருப்பிப் பார்த்து, நீங்கள் நிற்கிற வேலையா நடக்கிற வேலையா, எந்தத் தோளில் பை மாட்டுவீர்கள் என்று சொல்லிவிடுவார். பாதிப் பேர் அதைக் கேட்கவே வருவார்கள். வீட்டுக்கு வந்தும் பேச்சு நிற்காது. சிக்கனம் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பாள், தலையாட்டக்கூட மாட்டாள். ஆனால் அவர் ஊருக்குப் போன நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடை ஷட்டரைத் தூக்கப் போனவர், அங்கேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. சொல்வதெல்லாம் புரிகிறது, பேப்பர் படிக்கிறார், எழுத்துகள் தெரிகின்றன, நாக்கு மட்டும் புரள மாட்டேன் என்கிறது. "ஆ" என்று ஒரே ஒரு சத்தம் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன், அதுவும் இந்த மனிதன், என்ன செய்வான்? எழுதலாம் என்றால் இடது கை நடுக்கத்தில் கோழி கிளறியதுபோல் வருகிறது. போனில் தட்டலாம் என்றால், ஒரு எழுத்தில் விரலை வைப்பதற்குள் நாலு எழுத்து விழுந்துவிடுகிறது. மூன்றாம் நாள் போனைத் தூக்கி எறிந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மாள் படங்கள் போட்ட அட்டை ஒன்று கொண்டுவந்தாள், குவளை, தட்டு, கட்டில், கழிப்பறை என்று. அவர் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அப்போதுதான் சிக்கனம் நானே செய்கிறேன் என்று கிளம்பினாள். நன்றாக அமுங்குகிற, அழுத்தினால் டக்கென்று சத்தம் கேட்கிற, பெரிய பட்டன்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வார்த்தை. அழுத்தினால் பெட்டி பேசும். மெஷின் வேலைதானே, அவளுக்குத் தெரியாததா?

எடுத்த எடுப்பிலேயே கம்பெனியில் ஓரங்கட்டிக் கிடந்த அந்த எட்டு கிலோபைட் சிப்பை எடுத்தாள். கொஞ்சம் பெரியதாக வாங்கலாமே என்று ஸ்டோர்க்காரர் கேட்டதற்கு, இதிலேயே முடியும் என்றாள். முடியும் என்பது உண்மைதான். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்திருக்கிறாள், வேறு மாதிரி யோசிக்க மனசு வரவில்லை.

எந்த வார்த்தைகளைப் போடுவது? ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரம் முழுக்க, அவர் எதற்கெல்லாம் "ஆ" என்கிறார் என்று கோடு போட்டாள். பகலில் கீழ்வீட்டிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளும் அண்ணியையும், அதாவது அவருடைய அக்காவையும், கோடு போடச் சொன்னாள். தண்ணிக்கு நாற்பத்தொன்று. பாத்ரூமுக்கு முப்பத்தெட்டு. திருப்பிப் படுக்க வைக்க இருபத்தாறு. அப்படியே இறங்கிக்கொண்டே வந்து, அதிகம் வந்த பதினாறு வார்த்தைகளை எடுத்துக்கொண்டாள். அதில் பதினாறாவது, கடைசி மூலையில் ஒரு சிவப்புப் பட்டன், அதற்கு 'வலி'. எல்லாவற்றையும் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்து, சிப்பில் அடங்குகிற மட்டும் நசுக்கினாள். நசுக்கியதில் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல ஆயிற்று. பரவாயில்லை, புரிகிறது என்று விட்டுவிட்டாள்.

ஐந்து மாதம் பிடித்தது. வேலை முடிந்து வந்து, அவரைத் துடைத்து, சாப்பிட வைத்து, மாத்திரை கொடுத்து, அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்த வேலை. பெட்டி என்னவோ அருமையான பெட்டி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பட்டனை அழுத்தினால் விரலை எடுப்பதற்குள் பேசும். இரண்டு சின்ன பேட்டரி போட்டால் ஒன்றரை வருஷம் ஓடும். கம்பெனியில் யாராவது பார்த்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள்.

அவர் பதினாறு பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து அழுத்திக் கேட்டார். பிறகு பெட்டியைத் திருப்பி அடியில் பார்த்தார், அங்கே இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்பது போல. சிக்கனத்துக்கு அது அப்போது புரியவில்லை. பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. தண்ணி என்றார், தண்ணி வந்தது. பிறகு ஒரு மாலை "இல்ல" பட்டனை அழுத்தினார். "தண்ணி" அழுத்தி மறுபடி "இல்ல" அழுத்தினார். "ஆமா", "இல்ல", "டிவி", "இல்ல". முகம் சிவந்துவிட்டது. அரை மணி நேரம் போராடிய பிறகுதான் தெரிந்தது, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். வெயில் காலம், புழுக்கம். அவ்வளவுதானே, ஜன்னலைச் சேர்த்துவிட்டால் போச்சு என்றாள்.

சேர்ப்பதற்குத்தான் இடம் இல்லை. ஜன்னல் உள்ளே வர வேண்டுமானால் இன்னொரு வார்த்தை வெளியே போக வேண்டும், மற்றதையும் இன்னும் நசுக்க வேண்டும். பேசி, பதிந்து, நசுக்கி, பெட்டியைப் பிரித்து, சிப்பைக் கழற்றி, கம்பெனிக்கு எடுத்துப்போய் எழுதி, திரும்ப மாட்டி, பார்த்தால் 'ஜன்னல்' என்பது 'சன்னம்' என்று கேட்கிறது. மறுபடி முதலிலிருந்து. நடுவில் கம்பெனியில் புது மெஷின் வேலை வந்து கழுத்தை நெரித்தது. ஒருவழியாக ஜன்னல் பெட்டிக்குள் வந்து சேர்ந்த அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பட்டனை அழுத்தி "ஜன்னல்" என்று கேட்டார். சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள், பழைய மனிதராக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பார். அவர் பெட்டியை மேஜை டிராயருக்குள் தள்ளி மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டிராயர் திறக்கவில்லை. "ஆ" என்பதும் குறைந்தது. தண்ணி வேண்டுமென்றால்கூட யாராவது கொடுக்கிற வரை கிடந்தார். பயிற்சிக்கார அம்மாள் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிக்கனத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். நாக்கு திரும்பி வருவது வராதது நம் கையில் இல்லை, ஆனால் பேச வேண்டும் என்கிற ஆசை விட்டுப்போய்விட்டால் அப்புறம் எந்தப் பயிற்சியும் வேலைக்கு ஆகாது, இவருக்கு அது விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்றாள்.

சீக்கிரமாம். சிக்கனம் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். இதற்கு மேல் என்ன சீக்கிரம்? பதினோரு மாதமாக அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை அவரைத் தூக்கி உட்கார வைத்து, இறக்கிப் படுக்க வைத்து, இடுப்பு விட்டுப் போயிருந்தது. அழுகைகூட வரவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

கம்பெனியில் அவளுக்கு அடுத்த மேஜைக்காரனுக்கு ரெடிமேட் என்று பேர். இந்தப் பேரை வைத்தது சாட்சாத் சிக்கனம்தான். அவனுக்கு நாற்பது வயது, எதையும் சொந்தமாக எழுத மாட்டான், யாரோ எழுதி வைத்ததை எடுத்து ஒட்டுவான். பொழுதுபோக்குக்கு வீட்டு மாடியில் செடி வளர்க்கிறான். செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்ற ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான். அதற்கு அவன் வைத்திருப்பது என்ன தெரியுமா, உள்ளங்கை அளவுக்கு ஒரு முழுக் கம்ப்யூட்டர். ஒரு ஆபீஸையே நடத்தலாம் அதை வைத்து. அது காலையில் ஒருமுறை குழாயைத் திறக்கிறது, ஒருமுறை மூடுகிறது. மற்ற நேரமெல்லாம் சூடாகிக்கொண்டு சும்மா இருக்கிறது. இதைக் கேட்டபோது சிக்கனத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வேலைக்கு நான் எழுதினால் நாற்பது வரி, ஒரு கடுகளவு சிப் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே, எனக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்தது அக்கா, செடி பிழைத்துக்கொண்டது என்றான்.

பெட்டி டிராயருக்குள் போன கதையை அவள் அவனிடம் சொல்ல நினைக்கவில்லை. மதியம் சாப்பிடும்போது வாய் தவறி வந்துவிட்டது. அவன் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான். என்னிடம் அந்த போர்டு இன்னொன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள், எழுத்தில் கொடுத்தால் அதுவே வாசிக்கும், எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் போடலாம் என்றான். சிக்கனம் அது எத்தனை நேரத்தில் பேசும் என்று கேட்டாள். மூன்று செகண்ட் ஆகும் என்றான். பேட்டரி? தினம் சார்ஜ் போட வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பெட்டி விரலை எடுப்பதற்குள் பேசும் என்றாள்.

ரெடிமேட் டப்பாவை மூடினான். "மூணு செகண்ட் அவர் காத்திருப்பாருக்கா. நீங்கதான் ஒரு வார்த்தைக்கு ஒரு மாசம் காக்க வெக்கறீங்க."

அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்க இரண்டு நாளும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், எப்படிப் போட்டாலும் அவன் பக்கமே வந்தது. மூன்றாம் நாள் அவன் மேஜைக்குப் போய், முகத்தைப் பார்க்காமல், "அதைக் குடு" என்றாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தான். நல்ல பிள்ளை, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தாள். போர்டை டிவியோடு மாட்டினாள். அது விழித்தெழவே முக்கால் நிமிஷம் எடுத்துக்கொண்டது. தொட்டால் சுட்டது. பழைய பெட்டியைப் பிரித்துப் பட்டன்களை மட்டும் எடுத்து இதோடு இணைத்தாள். யார் யாரோ எழுதி வைத்த மூட்டை மூட்டையான சரக்கை இறக்கி, அதன் தலையில் தன் பங்குக்குப் பதினோரு வரி எழுதினாள். பதினோரே வரி. அதற்குள் பேசிவிட்டது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, அடுப்பில் இன்னும் சோறு வைக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. அவளுக்கு வந்தது அவமானம். ஐந்து மாதம் கண்ணைப் பிழிந்து செய்ததை இந்தத் தடிமாடு ஒரு காலைப் பொழுதில் செய்துவிட்டது. மேஜையில் காலியாகக் கிடந்த பழைய சிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எவ்வளவு சின்னது, எவ்வளவு குறைவாகத் தின்கிறது, சொன்னதை எவ்வளவு சுருக்கச் செய்கிறது. தன்னைப் போலவே இருக்கிறது என்று நினைத்தாள். அதை ஒரு காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவரை நிமிர்த்தி உட்கார வைத்துப் பெட்டியை மடியில் வைத்தாள். அவர் வேண்டாவெறுப்பாக ஒரு பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பெட்டி, சளி பிடித்த பள்ளிக்கூட வாத்தியார் போல, "தண்ணீ" என்று இழுத்தது. அவர் புருவம் ஏறியது. இன்னொன்று அழுத்தினார். "பாத்ரூம்" என்பதை அது ஏதோ பெரிய மனிதரின் பேரை மேடையில் அறிவிப்பது போலச் சொன்னது. அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. பல மாதம் கழித்து அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள்.

அவள் எரிச்சலோடு டிவியைக் காட்டினாள். அதில் பதினாறு வரி இருந்தது, வரிக்கு ஒரு வார்த்தை. "பாத்தீங்களா, இவ்ளோதான். இந்த வரியில என்ன எழுதியிருக்கோ அதை அந்த பட்டன் பேசும். மாத்தி எழுதினா மாத்திப் பேசும். எந்த மடையன் வேணாலும் மாத்தலாம், அவ்ளோ கேவலமா இருக்கு" என்றாள்.

அவர் அந்தப் பதினாறு வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி, மேஜைமேல் இருந்த பழைய கீபோர்டைக் காட்டினார். கம்பெனியில் கழித்துப் போட்டது, ஒவ்வொரு கட்டையிலும் தமிழ் எழுத்து ஒட்டியது, ஓங்கிக் குத்தினால்தான் விழும். விளையாடட்டும் என்று பக்கத்தில் வைத்துவிட்டு அவள் சோறு வைக்கப் போனாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் புது மெஷின் பரிசோதனை. நாள் முழுக்க நின்றபடி எடைக்கல்லை ஏற்றி இறக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் பெட்டிக்குச் சார்ஜ் போட வேண்டும், காலையில் கழற்ற வேண்டும். இது ஒரு வேலையா என்று சலித்துக்கொண்டே செய்தாள். தினம் தினம் வீணாகிற மின்சாரத்தை நினைத்தால் வயிறு எரிந்தது. ஆனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்புவது நின்றிருந்தது. அதைக் கவனித்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

புதன்கிழமை மாலை அண்ணி மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டாள். ஏம்மா, அந்தப் பெட்டியில் நீதான் எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டாள். என்ன என்று கேட்டால், அவள் தன் மருமகளைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி ஒரு பட்டனை அழுத்தினானாம். 'டிவி'தான் கேட்கிறான் என்று இவள் எழுந்து போய்ப் போடுவதற்குள், அது, "அக்கா, இதை நேத்தே சொல்லிட்டே" என்றதாம். சொல்லிவிட்டு அண்ணியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு வரியை ஒற்றை விரலால் குத்தி எழுத அவருக்கு ஒரு காலைப் பொழுது முழுக்கப் போனதாம். தப்புத் தப்பாய் விழுந்ததையெல்லாம் அழித்து அழித்து எழுதினாராம். நடுவில் அண்ணி உதவிக்குப் போனதற்குக் கையைத் தட்டிவிட்டாராம்.

சிக்கனம் அன்று ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய பட்டன், அவருடைய வரி. ஆனால் படுக்கும்போது ஒன்று உறுத்தியது. இருக்கிற பட்டன் பதினாறு. அக்காவைக் கிண்டல் பண்ண 'டிவி'யை விட்டுக்கொடுத்திருக்கிறார். டிவி என்றால் உயிர் விடுகிற மனிதர்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிய நேரமாயிற்று. இரண்டு பஸ் நிற்காமல் போய், மூன்றாவதில் நின்றுகொண்டே வந்தாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றாள். அண்ணி அப்போதுதான் கீழே இறங்கியிருந்தாள். கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், மனசுக்குள் வரிசை போட்டாள்: முதலில் அவருக்கு மாத்திரை, பிறகு துடைப்பது, பிறகு உலை.

உள்ளே அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கிப் பெட்டியின் மூலைக்குக் கொண்டுபோனார். டக்கென்று சத்தம் கேட்டது.

சிவப்புப் பட்டன்.

வலி! எங்கே வலி? நெஞ்சா, காலா, மறுபடி தலைக்குள் ஏதாவது ஆகிறதா? பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவர் நெற்றியைத் தொட்டாள், நெஞ்சில் கை வைத்தாள், மரத்துப்போன காலைப் பிடித்தாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. பழைய பெட்டியாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருக்கும், பாவி மூணு செகண்ட், பாவி ரெடிமேட் என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே, "எங்கங்க வலிக்குது, எங்கே?" என்று கேட்டாள்.

பெட்டி தொண்டையைத் திறந்தது.

"உக்காரு. காலைக் காட்டு."

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். வலி ஒன்றும் தெரியவில்லை. கட்டில் ஓரத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அவர் இடது கையை நீட்டிக்கொண்டே இருந்தார். வலது செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அதைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார், கடையில் பார்ப்பது போலவே. குதிகாலின் வெளி ஓரம் காகிதம்போலத் தேய்ந்திருந்தது. தினம் ஆறு தடவை அவரைத் தூக்கும்போது பாரம் முழுக்க இறங்குகிற இடம் அது. அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. செருப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்தினார்.

இந்த மூன்று செகண்டில் அவள் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தாள்.

"என்ன சைஸ்?" என்றது பெட்டி.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் போட்ட அத்தனை செருப்பும் அவர் கையால் எடுத்துக் கொடுத்தது. "தெரியாத மாதிரி கேக்கறீங்க. ஆறுதான்" என்றாள்.

அவர் பாதி வாயால் சிரித்தார். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்து வைத்திருந்த சிரிப்பு. விரல் நடுங்கி நடுங்கி மூன்றாவது பட்டனுக்குப் போயிற்று. அந்தப் பட்டன் அவளுக்குத் தெரியும், 'திருப்பிப் படுக்க வை' இருந்த இடம். நோட்டில் இருபத்தாறு கோடு.

"ஆறு இல்ல. கால் வீங்கி நாலு மாசம் ஆச்சு. ஏழு போடு."

குனிந்து பார்த்தாள். இரண்டு கணுக்காலும் உப்பியிருந்தன, செருப்பு வார் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நாலு மாதமாக இந்தக் கால் இவளோடுதான் இருந்திருக்கிறது, இவள் ஒருநாளும் பார்க்கவில்லை. படுக்கையிலிருந்து அவர் தினமும் பார்த்திருக்கிறார். சொல்லத்தான் பட்டன் இல்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வலியை எடுத்துட்டீங்களே. உங்களுக்கு வலிச்சா எதை அமுக்குவீங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்ப்பது போல் கூரையைப் பார்த்தார். பிறகு, தெருவுக்கே கேட்கும்படி, நாடகத்தில் குத்துப்பட்டவன் போல, "ஆ" என்று ஒரு சத்தம் போட்டார். கீழ்வீட்டிலிருந்து அண்ணி என்னடா என்று குரல் கொடுத்தாள்.

சிக்கனம் இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிக் கட்டில்மேல், அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு இன்னும் பதினாறு பட்டன் வாங்கி வருகிறேன் என்றாள். மாத்திரைக்கு நேரமாகிவிட்டது, உலை வைக்கவில்லை, முன் அறையிலும் சமையலறையிலும் விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.